சமன்பாடு சொல்லாத பாதி: ஹைட்ரஜன் எரியும் விதம்



வாழ்நாள் முழுவதும் பள்ளியில் வேதியியல் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் பள்ளி ஆய்வகத்திலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். துத்தநாகத் துண்டுகளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறோம். வெளிவரும் வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்து, அதன் வாயருகே எரியும் குச்சியைக் கொண்டுபோகிறோம். ‘பட்’டென்று ஓர் ஓசை. ஹைட்ரஜனுக்கான சோதனை முடிந்தது. கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுகிறோம்: இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறு.

இந்தச் சமன்பாட்டில் பிழை ஏதும் இல்லை. எவ்வளவு சேர்ந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் குழாயில் நடந்ததில் பாதியைக்கூட அது சொல்லவில்லை. மூன்று மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் மோதி நீராக மாறுவது நடைமுறையில் நிகழ்வதே இல்லை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, சுத்தமான கண்ணாடிக் குடுவையில் அறை வெப்பநிலையில் வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒரு சிறு பொறி பட்டால், கண் இமைப்பதற்குள் குடுவை சிதறும். அதே வாயுக்கள், அதே அளவு, அதே சமன்பாடு. ஒருமுறை அமைதி, ஒருமுறை வெடிப்பு. இது ஏன் என்பதுதான் இன்று நான் பேச வந்த பொருள்.

முதலில் ஆற்றலின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு மோல் ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் வேண்டும். ஆக்சிஜனுக்கு 498. ஆக, இரண்டு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் ஆக்சிஜனையும் அணுக்களாகப் பிரிக்க 1370 கிலோஜூல் செலவு. நீரில் உருவாகும் நான்கு மோல் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 463 வீதம், 1852 கிலோஜூலைத் திருப்பித் தருகின்றன. மிச்சம் 482. நீராவி குளிர்ந்து நீராகும்போது கிடைக்கும் வெப்பத்தையும் சேர்த்தால், ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு 286 கிலோஜூல். வரவு நிச்சயம். ஆனால் செலவை முதலில் யாராவது செய்தாக வேண்டும். குடுவையில் வாயுக்கள் அமைதியாக இருப்பதற்குக் காரணம் இந்த முதற்செலவு.

ஹைட்ரஜனை முறையாக ஆராய்ந்தவர் லண்டனில் வாழ்ந்த ஹென்றி கேவண்டிஷ். அவருக்கு முன்பே ராபர்ட் பாயில் இரும்பையும் அமிலத்தையும் சேர்த்து அதைப் பெற்றிருந்தார். ஆனால் அதைத் தனி ஒரு பொருளாகக் கண்டு, அடர்த்தியை அளந்து, காற்றோடு வெவ்வேறு விகிதங்களில் கலந்து பற்றவைத்து, ஓசை எப்படி மாறுகிறது என்று குறித்துவைத்தவர் கேவண்டிஷ்தான். ஆண்டு 1766. விகிதம் மாறினால் எரியும் தன்மையே மாறுகிறது என்ற உண்மை அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. பின்னர், 1781இல் தொடங்கிய சோதனைகளில், மூடிய கலத்துக்குள் மின்பொறியால் வாயுக்களைப் பற்றவைத்தார். கலத்தின் உட்சுவரில் படிந்தது தூய நீர் என்று நிறுவி 1784இல் வெளியிட்டார்.

ஆக்சிஜன் கூடுதலாக இருந்த சில சோதனைகளில் அவருக்குக் கிடைத்த நீர் சற்றே புளிப்பாக, அமிலம் கலந்து இருந்தது. வேறொருவர் கழுவாத பாத்திரம் என்று ஒதுக்கியிருப்பார். கேவண்டிஷ் அதை விடாமல் துரத்தினார். காற்றிலுள்ள நைட்ரஜன் அந்தக் கடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் அமிலத்தைத் தருகிறது என்று கண்டுபிடித்தார். அதே சோதனையைத் தொடர்ந்தபோது, எதோடும் சேராத ஒரு சின்னஞ்சிறு குமிழி எஞ்சியது. மொத்த நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கும் மேல் இல்லை என்று எழுதிவைத்தார். நூறாண்டு கழித்து, 1894இல், ராலேயும் ராம்சேயும் அந்தக் குமிழியை ஆர்கான் என்று அடையாளம் காட்டினார்கள். இந்த ஆர்கானும் அந்த நைட்ரிக் அமிலமும் நம் உரையில் மறுபடி வரும்.

நீர் ஒரு சேர்மம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஹைட்ரஜன் என்ற பெயரையும் தந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். கேவண்டிஷ் தம் சோதனையைக் கடைசிவரை ஃபுளோஜிஸ்டன் என்ற சாரம் வெளியேறுவதே எரிதல் என்ற பழைய கொள்கையின் வழியாகவே விளக்கினார். அளவீடு அவருடையது, விளக்கம் பிரெஞ்சுக்காரருடையது.

அடுத்து, கே-லுசாக். 1805இல் அலெக்சாண்டர் ஹம்போல்ட்டுடன் சேர்ந்து, நூறு பங்கு ஆக்சிஜன் இருநூறு பங்கு ஹைட்ரஜனோடு சேர்கிறது என்று மிகத் துல்லியமாக அளந்தார். மூன்றாண்டு கழித்து வேறு வாயுக்களிலும் அதே எளிமை இருப்பதைக் கண்டு, பருமன் இணைப்பு விதியை அறிவித்தார். இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பருமன் நீராவி. அணுக்கொள்கையைத் தந்த டால்டன் இதை ஏற்கவில்லை. ஓர் ஆக்சிஜன் அணு எப்படி இரண்டு நீர்த்துகளுக்குப் பங்காகும் என்பது அவருடைய தடை. 1811இல் அவகாட்ரோ விடை சொன்னார்: ஆக்சிஜன் இரட்டை அணுக்களாக இருக்கிறது, அது பிரிகிறது. உலகம் இதைக் கவனிக்க 1860இல் கார்ல்ஸ்ரூ மாநாடு வரை ஆனது. எவ்வளவு என்ற கேள்வி அங்கே தீர்ந்தது. எப்படி என்ற கேள்வி இன்னும் அறுபது ஆண்டு காத்திருந்தது.

ஹைட்ரஜன் வெவ்வேறு வாயுக்களோடு நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். ஃபுளூரினோடு இருட்டிலும் குளிரிலும்கூட வெடிக்கும். குளோரினோடு இருட்டில் பேசாமல் இருக்கும். வெயில் பட்டதும் வெடிக்கும். அயோடின் ஆவியோடு சில நூறு டிகிரி வெப்பத்திலும் நிதானமாகத்தான் சேரும். அதுவும் முழுமையாகச் சேராது. நைட்ரஜனோடு சேர்க்க ஃபிரிட்ஸ் ஹாபருக்கு வினையூக்கியும் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தமும் வேண்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் சமன்பாடு ஒரு வரிதான். தாளில் எல்லாம் ஒரே மாதிரி எளிமையாகத் தெரிகின்றன.

இந்தப் புதிரின் திறவுகோல் குளோரினிடமிருந்து கிடைத்தது. ஜெர்மானிய வேதியியலாளர் மாக்ஸ் போடன்ஸ்டைன், ஒளியின் ஒரு துகள் ஒரு மூலக்கூறை மட்டுமே தூண்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு ஹைட்ரஜன்-குளோரின் கலவையை அளந்தார். ஒரு துகளுக்கு இலட்சக்கணக்கில் மூலக்கூறுகள் வினைப்படுவதைக் கண்டார். ஏதோ ஒன்று ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகிறது என்று 1913இல் எழுதினார். வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் அந்த ‘ஏதோ ஒன்று’ தனி அணுவே என்று 1918இல் விளக்கினார். குளோரின் அணு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி ஹைட்ரஜன் அணுவை வெளியேற்றும். அந்த அணு குளோரின் மூலக்கூறைத் தாக்கிக் குளோரின் அணுவை வெளியேற்றும். இது சங்கிலி வினை. முதற்செலவு ஒரே ஒருமுறைதான்.

ஆக்சிஜனோடு நடப்பது இதைவிடத் தீவிரமானது. அதைச் சொல்வதற்கு 1926ஆம் ஆண்டின் லெனின்கிராடுக்குப் போக வேண்டும். நிக்கோலாய் செமியோனோவின் ஆய்வகத்தில் யூலி ஹாரித்தோன், ஜினாயிதா வால்த்தா என்ற இரண்டு இளைஞர்கள் பாஸ்பரஸ் ஆவி ஆக்சிஜனில் ஒளிர்வதை அளந்துகொண்டிருந்தார்கள். ஆக்சிஜனின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் ஒளியே இல்லை. எல்லையைச் சற்றே கடந்தால் சட்டென்று ஒளிர்கிறது. இன்னொரு விந்தை: எல்லைக்குக் கீழே இருக்கும்போது, எதோடும் வினைபுரியாத ஆர்கானைச் சிறிது உள்ளே விட்டால், அப்போதும் ஒளிர்கிறது. கேவண்டிஷின் குமிழியில் எஞ்சிய அதே ஆர்கான். எந்த வினையிலும் பங்கெடுக்காத வாயு எப்படி ஒரு வினையைத் தொடங்கிவைக்கும்?

சங்கிலி வினையின் தந்தையான போடன்ஸ்டைனே இதை நம்பவில்லை. கருவியின் கோளாறு என்று வெளிப்படையாக மறுத்தார். அன்றைய உலகில் வாயு வினைகளைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. செமியோனோவ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. கருவியை மாற்றியமைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தார். எல்லை அங்கேயே இருந்தது. கலத்தை அகலமாக்கினால் எல்லை தாழ்ந்தது. ஆர்கானைச் சேர்த்தாலும் தாழ்ந்தது. விடை கலத்தின் சுவரில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். சங்கிலியைச் சுமந்து செல்லும் துகள் சுவரில் முட்டினால் இறந்துவிடுகிறது. கலம் அகலமானால் சுவர் தூரமாகிறது. ஆர்கான் நிறைந்தால் துகள் சுவரை நோக்கிப் போவது தாமதப்படுகிறது. போகும் வழியில் அது பெருகிவிடுகிறது. போடன்ஸ்டைன் பின்னர் இதை ஏற்றுக்கொண்டார். அறிவியலில் மறுப்புக்கு விடை சொல்வது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் சிரில் ஹின்ஷெல்வுட் இதே கண்ணோடு ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பார்த்தார். வினைகளின் வரிசை இன்று நமக்குத் தெளிவாகத் தெரியும். பொறியின் வெப்பத்தில் எப்படியோ ஒரு ஹைட்ரஜன் அணு உண்டாகிறது. அது ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்குகிறது. ஒரு ஹைட்ராக்சிலும் ஓர் ஆக்சிஜன் அணுவும் பிறக்கின்றன. ஆக்சிஜன் அணு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்க, இன்னொரு ஹைட்ராக்சிலும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் பிறக்கின்றன. இரண்டு ஹைட்ராக்சில்களும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி நீராகின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ரஜன் அணுவை விட்டுச் செல்கிறது. கணக்குப் பாருங்கள். ஓர் அணு உள்ளே போனது, மூன்று வெளியே வந்தன. கார்த்திகை அன்று ஓர் அகலிலிருந்து அடுத்த அகலை ஏற்றிக்கொண்டே போவது குளோரினின் சங்கிலி. ஏற்றப்பட்ட ஒவ்வோர் அகலும் தானே மூன்று அகல்களை ஏற்றினால் தெரு என்னவாகும்? அதுதான் ஆக்சிஜனின் கிளைச்சங்கிலி. மூன்று ஒன்பதாகி, ஒன்பது இருபத்தேழாகி, இருபது சுற்றுக்குள் முந்நூற்றைம்பது கோடியை நெருங்கிவிடும்.

ஹின்ஷெல்வுட் கண்ட முடிவு இன்று கேட்டாலும் வியப்பூட்டும். இரண்டுக்கு ஒன்று என்ற கலவையை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் வைத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். மிகக் குறைந்த அழுத்தத்தில் வெடிப்பதில்லை. சில மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எட்டும்போது வெடிக்கிறது. இன்னும் கூட்டி, சில பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிப்பு நின்றுபோகிறது. மேலும் வெகுவாகக் கூட்டினால் மறுபடி வெடிக்கிறது. முதல் அமைதிக்குக் காரணம் சுவர். இரண்டாவது அமைதிக்குக் காரணம் நெரிசல்: ஹைட்ரஜன் அணுவும் ஆக்சிஜன் மூலக்கூறும் சந்திக்கும் தருணத்தில் மூன்றாவது மூலக்கூறு ஒன்று வந்து மோதி, மிகுந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. அப்போது கிளைக்காமல், சோம்பலான வேறொரு தனி உறுப்பு உண்டாகி, மெல்லச் சுவரை அடைந்து அழிகிறது. அழுத்தம் இன்னும் கூடும்போது, அந்தச் சோம்பலான உறுப்பும் வழியிலேயே ஹைட்ரஜனைத் தாக்கத் தொடங்குகிறது. வெப்பமும் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. குடுவையின் உட்புறத்தில் பொட்டாசியம் குளோரைடைப் பூசினால் இந்த எல்லைகளே இடம்பெயரும். செமியோனோவுக்கும் ஹின்ஷெல்வுட்டுக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹாரித்தோன் பின்னாளில் யாக்கோவ் செல்தோவிச்சுடன் சேர்ந்து யுரேனியத்தின் சங்கிலி வினையைக் கணக்கிட்டார். சோவியத் அணுகுண்டை வடிவமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். பாஸ்பரஸ் ஒளியில் தொடங்கிய கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

இனி அந்தச் சுடரைப் பற்றி. ஹைட்ரஜன் சுடரில் கரி இல்லை. விளக்குச் சுடர் மஞ்சளாகத் தெரிவது அதில் தகிக்கும் கரித்துகள்களால். ஹைட்ரஜன் சுடரின் ஒளி பெரும்பாலும் புறஊதாவிலும் அகச்சிவப்பிலும் போய்விடுகிறது. பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். கண்ணாடிக் குழாய் முனையில் எரியும்போது மஞ்சளாகத் தெரிந்தால், அந்த நிறம் கண்ணாடியிலுள்ள சோடியத்தினுடையது. கரி இல்லாததால் சுடர் வீசும் வெப்பமும் குறைவு. அருகில் போகும்வரை தோலுக்கு எச்சரிக்கை கிடைக்காது. ஆனால் சுடரின் வெப்பநிலை காற்றில் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ராக்கெட் எரிபொருளாக இதைக் கையாளத் தொடங்கிய காலத்தில், அமெரிக்க விண்வெளி மையங்களின் பணியாளர்கள் கசிவு இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டு நடந்தார்கள். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பற்றும். ஹைட்ரஜனுக்கு அந்த எல்லை 4 முதல் 75 சதவீதம். பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும். மீத்தேனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் உடலிலிருந்து பாயும், நம்மால் உணரவே முடியாத நிலைமின் பொறியில் இதைவிட அதிக ஆற்றல் இருக்கலாம். சுடர் பரவும் வேகமும் மீத்தேனைப்போல் பல மடங்கு. இரண்டு மில்லிமீட்டர் இடுக்கில் மீத்தேன் சுடர் அணைந்துவிடும். ஹைட்ரஜன் சுடர் அதைவிட மிகக் குறுகிய இடுக்கிலும் நுழையும். மற்ற வாயுக்களுக்காகச் செய்த தீத்தடுப்பு வலையை ஹைட்ரஜன் குழாயில் பொருத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இவ்வளவையும் கேட்டு இதைக் கொலைகார வாயு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காற்றைவிட 14 மடங்கு இலேசானது. திறந்த வெளியில் கசிந்தால் விரைந்து மேலே போய்க் கலைந்துவிடும். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலைப் பற்றி, அது வெடித்துச் சிதறியது என்று பலர் எழுதுகிறார்கள். வெடிக்கவில்லை, எரிந்தது. பைகளுக்குள் இருந்தது கலப்பில்லாத ஹைட்ரஜன். காற்றைச் சந்தித்த விளிம்பில் மட்டுமே அது எரிய முடியும். கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் பிழைத்தார்கள். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். கொடிய விபத்துதான். ஆனால் அவ்வளவு ஹைட்ரஜனும் முன்கூட்டியே காற்றோடு கலந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது வேறு.

முன்கூட்டியே கலந்தால் என்ன நடக்கும் என்பதை ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் காட்டியது. 2011 மார்ச் மாதம், குளிர்விக்கும் நீர் வற்றிய உலைகளில் எரிபொருள் தண்டுகளின் சிர்கோனியம் உறை கடும் வெப்பத்தில் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கியது. அது கட்டடத்தின் மேல்தளத்தில் கூரைக்கு அடியில் தேங்கிக் காற்றோடு கலந்தது. 12ஆம் தேதி முதல் உலையின் கட்டடம் வெடித்தது, 14ஆம் தேதி மூன்றாவது, 15ஆம் தேதி நான்காவது. நான்காவது உலையின் உள்ளே அப்போது எரிபொருளே இல்லை. மூன்றாவது உலையின் ஹைட்ரஜன் பொதுவான குழாய் வழியே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

இதற்கு மருந்து 1823இலேயே கண்டறியப்பட்டது. ஜெர்மனியின் ஜேனா நகரில் டோபரைனர், நுண்துளைப் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சியபோது பிளாட்டினம் தகித்து வாயு பற்றிக்கொண்டது. பொறியே இல்லை. பிளாட்டினத்தின் பரப்பு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தானே அணுக்களாகப் பிரித்துவிடுகிறது. முதற்செலவு மிகவும் குறைந்துவிடுகிறது. இன்று அணு உலைக் கூடங்களில் பிளாட்டினமோ பல்லேடியமோ பூசிய தகடுகளை அடுக்கிய பெட்டிகளைப் பொருத்துகிறார்கள். கசியும் ஹைட்ரஜன் ஆபத்தான அளவை எட்டும் முன்பே, சுடர் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், அந்தத் தகடுகளில் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிவிடும். நம் கூடங்குளம் உலைகளில் இந்தப் பெட்டிகள் இருக்கின்றன. அதே நெல்லைச் சீமையில், மகேந்திரகிரியில், இஸ்ரோ இதே வினையை நேர்மாறான நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனைத் திரவ ஆக்சிஜனோடு எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின்கள் அங்கேதான் சோதிக்கப்படுகின்றன. ஒரு மாவட்டத்திலேயே ஒரே வினையை ஓரிடத்தில் அடக்குகிறோம், ஓரிடத்தில் ஆளுகிறோம். இரண்டுக்கும் ஒரே படிப்புதான் அடிப்படை.

ஒன்றிய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தி இலக்கு. இந்த எரிபொருளைப் பற்றி, எரித்தால் தண்ணீர் மட்டுமே வரும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். தூய ஆக்சிஜனில் எரித்தால் அது சரி. காற்றில் அதிக வெப்பத்தில் எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். கேவண்டிஷ் அந்தப் புளிப்பை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொல்லிவிட்டார். எரிக்காமல் எரிபொருள் மின்கலத்தில் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. கிலோவுக்குக் கணக்கிட்டால் பெட்ரோலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல். ஆனால் அழுத்தாத நிலையில் பருமனுக்குக் கணக்கிட்டால் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்குதான். இவற்றையெல்லாம் மறைக்காமல் சொல்லி நம்பிக்கை பெறுவதே நீண்ட நாள் நிற்கும்.

இனி அருகிலிருக்கும் ஒரு செய்தி. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் ஈய அமில பேட்டரி, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வெளியிடுகிறது. மூடிய அலமாரியிலோ படிக்கட்டின் அடியிலோ அதை வைக்காதீர்கள். காற்று வந்து போகும் இடத்தில், மேற்புறம் திறப்பு உள்ளதாக வையுங்கள். நீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சியையோ லைட்டரையோ கொண்டுபோகாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தச் சோதனைக் குழாய்ச் சோதனையைக் கைவிட்டுவிடாதீர்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டிக் காணொளியோடு நிறுத்திவிடும் வழக்கம் பரவி வருகிறது. அது எனக்குக் கவலை தருகிறது. கண்ணாடி அணிந்து, சிறிய குழாயில், சிறிய அளவில் செய்யுங்கள். காற்றுக் கலக்காத ஹைட்ரஜன் குழாயின் வாயில் அமைதியாக எரிவதையும், காற்றுக் கலந்தது ஓசையோடு எரிவதையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். காட்டிய பிறகு சமன்பாட்டை எழுதுங்கள். எழுதிய பிறகு, இரண்டு குழாய்க்கும் சமன்பாடு ஒன்றாக இருக்க, ஓசை மட்டும் ஏன் வேறாக இருந்தது என்று வகுப்பைக் கேளுங்கள்.